மழைக்காலத்தில் பெட்ரோல் எங்கே போகிறது, டயர் எப்போது தேய்கிறது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து சாங்கிக்கு தினமும் வேலைக்குப் போகிற ஒருவர் 1.6 லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். மற்ற மாதங்களில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, மழைக்காலம் வந்தால் 12க்கு இறங்கிவிடுகிறதாம். ஈரச் சாலையில் டயரும் சீக்கிரம் தேயும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மையா, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

காக்கி புக்கிட்டில் ஒரு டயர் பட்டறையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் இதே கேள்வியோடு வண்டிகள் வரும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவது உண்மை. டயர் விஷயத்தில் நண்பர் சொன்னது தலைகீழ். ஈரச் சாலையில் டயர் மெதுவாகத்தான் தேயும். ஆனால் மழைக்காலம் டயரை வேறு வழிகளில் கெடுக்கும். அந்த வழிகள் தெரியாமல் பணத்தை விடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

முதலில் பெட்ரோல். இணையத்தில் தேடினால் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. இயந்திரம் சூடாக நேரமாகும், குளிரில் காற்று அடர்த்தியாகும் என்றெல்லாம் இருக்கும். இங்கே அது அவ்வளவாகப் பொருந்தாது. சிங்கப்பூரில் நாள் முழுக்க அடைமழை பெய்தாலும் வெப்பநிலை 22, 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். வெயில் நாளின் 32 டிகிரியோடு ஒப்பிட்டால் ஒன்பது, பத்து டிகிரிதான் வித்தியாசம். அந்தக் குளிர்ச்சியால் டயரில் காற்றழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சுமார் 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க அரசாங்கம் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் கணக்கு. ஆக, அதை மட்டும் வைத்து 14 எப்படி 12 ஆனது என்று விளக்க முடியாது.

அடுத்து சாலையில் நிற்கும் தண்ணீர். இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். உங்கள் டயர் 205 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஒரு முன்டயர் ஒவ்வொரு நொடியும் நாலரை லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து தள்ள வேண்டும். இரண்டு முன்டயருக்கும் சேர்த்து ஒன்பது லிட்டர், அதாவது நொடிக்கு ஒரு பெரிய வாளி. பின்டயர்கள் பெரும்பாலும் முன்டயர் துடைத்துக் கொடுத்த தடத்தில் போவதால் அவற்றுக்கு வேலை குறைவு. இத்தனை தண்ணீரையும் வீசியடிக்கும் சக்தி உங்கள் தொட்டியிலிருந்துதான் வருகிறது. லாரியின் பக்கத்தில் போகும்போது கண்ணாடியில் சளாரென்று அடிக்கிறதே, அது அந்த லாரி முதலாளி காசு கொடுத்து வாங்கிய டீசல்.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் குளிர்ந்தால் விறைப்பாகிவிடும். உருளும்போது அமுங்கி விரிவதில் கூடுதல் சக்தியை விழுங்கும். மழைநீர் டயரைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், வெயில் நாளில் சூடேறி லேசாக உருளும் டயர் மழையில் அப்படி உருளாது. காரின் எரிபொருளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டயரின் உருளும் தடையை வெல்லவே செலவாகிறது. அதனால் இதைச் சும்மா விட்டுவிட முடியாது.

கேபிஇ (காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை) சுரங்கப்பாதை வழியாகப் போகிறவர்கள் இதை நேரிலேயே பார்க்கலாம். கனமழையில் நனைந்த சாலையில் வந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, வேகத்தை மாற்றாமல் இரண்டு மூன்று நிமிடம் போனால், டேஷ்போர்டில் எரிபொருள் எண் மெல்ல நல்ல பக்கம் நகரும். சுரங்கத்தில் ஏற்ற இறக்கம் உண்டு, வண்டிகள் தள்ளிக்கொண்டு போகும் காற்றும் உதவும், அதனால் அதைத் துல்லியமான சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் காய்ந்த சாலை கொடுக்கும் லேசு காலுக்கே தெரியும்.

சரி, அப்படியானால் குற்றவாளி தண்ணீர்தானா? இல்லை. மழையில் யாரும் வெயிலில் போகிற வேகத்தில் போவதில்லை. 85இல் போகிறவர் 65க்கு இறங்கிவிடுவார். வேகம் குறைந்தால் காற்றின் தடை வெகுவாகக் குறையும், தண்ணீரைத் தள்ளும் வேலையும் குறையும். இரவு பத்து மணிக்கு மேல், சாலை காலியாக இருக்கும்போது, மழையில் 65இல் ஒரே சீராகப் போய்ப் பாருங்கள். வெயிலில் 90இல் போனதைவிட நல்ல எண் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

உங்கள் பெட்ரோல் போவது நெரிசலில். உட்லண்ட்ஸ் முதல் சாங்கி வரை, சிலேத்தார் விரைவுச்சாலையும் தெம்பனிஸ் விரைவுச்சாலையும் சேர்த்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 14 என்றால் ஒருவழிக்கு 2.14 லிட்டர் ஆகும். 12 என்றால் 2.5 லிட்டர். வித்தியாசம் 0.36 லிட்டர். இது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏசி ஓட, வண்டி நின்ற இடத்தில் நின்றால் 1.6 லிட்டர் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 0.9 லிட்டர் குடிக்கும். மழையால் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் நின்றீர்கள் என்றால் 0.22 லிட்டர் போயிற்று. அப்புறம், 1,300 கிலோ வண்டியை நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு தடவையும் சுமார் 22 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவை, இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் ஒன்றரை மூடி அளவு. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக் போட்டதும் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் போய்விடும். இப்படி ஆறு தடவை நடந்தால் 0.13 லிட்டர். கூட்டினால் 0.35. உங்கள் 0.36க்கு விடை கிட்டத்தட்ட இதிலேயே கிடைத்துவிட்டது.

இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்கள் வண்டியில் எண்கள் முன்னே பின்னே இருக்கும். ஆனால் விகிதம் இப்படித்தான் இருக்கும். மழை பெய்தால் மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்சைக்கிள்காரர்கள் ஒதுங்குவார்கள், பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த இடத்தில் எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். எங்கேயாவது ஒரு சின்ன உரசல் நடந்தால் பின்னால் நாலு கிலோமீட்டருக்கு வண்டிகள் ஊர்ந்து போகும். ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இழப்பு குறைவு. நெரிசலில் அவர்கள் இயந்திரம் அணைந்துவிடும், பிரேக் போடும் சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி டிசம்பரும் ஜனவரியும். டிசம்பரில் பள்ளி விடுமுறை, காலையில் சாலை லேசாக இருக்கும். ஜனவரியில் பள்ளி திறந்ததும் மழையும் நெரிசலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதனால் இரண்டு மாதங்களையும் தனித்தனியாகக் கணக்கெடுங்கள். டிசம்பரில் 13க்கு மேலும் ஜனவரியில் 12க்குக் கீழும் வந்தால், காரணம் தண்ணீரா கூட்டமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மழை என்பது டிசம்பரோடு முடிவதும் இல்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வந்து, வேலைக்குப் போகிற நேரத்தில் சரியாகக் கொட்டிவிட்டுப் போகும்.

குட்டிப் பயணங்களையும் மறந்துவிடாதீர்கள். வெயில் நாளில் பிள்ளை நடந்து போகிற எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு மழையில் காரில் கொண்டுபோய் விடுகிறோம். ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் இயந்திரம் சூடாகாத அந்த முதல் சில நிமிடங்களில்தான் அது அதிகம் குடிக்கும். வாரத்துக்கு ஐந்து தடவை இப்படிப் போனாலே உங்கள் சராசரி இறங்கிவிடும்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. மழையில் கண்ணாடி மங்கினால் பலரும் ஏசியை இன்னும் குளிராக வைத்து, முன்கண்ணாடியை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். முதலில் உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது, நீங்கள் செய்தது சரி. கோடு விழவில்லை என்றால் மங்கல் வெளிப்பக்கம். குளிர்ந்த கண்ணாடிமேல் வெளியே உள்ள ஈரக்காற்று படிந்திருக்கிறது, நம் ஊரில் இது சர்வசாதாரணம். அப்போது குளிரைக் கூட்டக் கூட மங்கல் கூடும், பெட்ரோலும் வீண். வைப்பரை ஒரு தடவை ஓட்டிவிட்டு, ஏசியைக் கொஞ்சம் சூடான பக்கம் திருப்பினால் போதும். பின்கண்ணாடியைச் சூடாக்கும் பட்டனைப் போட்டுவிட்டு அணைக்க மறப்பதும் உண்டு. அது நூற்றைம்பது வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். நூறு வாட் மின்சாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு 0.1 லிட்டர் என்பது தோராயக் கணக்கு. கண்ணாடி தெளிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இனி டயர். இதுதான் என் தொழில், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ரப்பர் தேய்வது உராய்வாலும் சூட்டாலும். மத்தியான வெயிலில் தார்ச்சாலையில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ரப்பர் மென்மையாகி, சாலையின் கற்களில் துளித்துளியாக உதிர்கிறது. மழையில் தண்ணீர் இடையில் புகுந்து வழுக்கல் கொடுக்கிறது, டயரைக் குளிரவும் வைக்கிறது. அதனால் ஒரே தூரத்துக்கு ஈரச் சாலையில் தேய்மானம் குறைவு. உங்கள் டயரைத் தின்பது டிசம்பர் மழையைவிட ஜூலை வெயில்தான்.

ஆனால் தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. பட்டறையில் ரப்பரை வெட்ட வேண்டியிருந்தால் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வோம். காய்ந்த கத்தி ரப்பரில் பிடித்துக்கொண்டு நகராது. நனைந்த கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். சாலையில் கிடக்கும் திருகாணிக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் இதே கதைதான். காய்ந்த சாலையில் டயர் ஏறி இறங்கிப் போயிருக்கும் பொருள், மழையில் உள்ளே குத்திவிடும். போதாததற்கு, கட்டுமான இடங்களிலிருந்து உதிர்ந்த ஆணியையும் திருகாணியையும் மழைநீர் அடித்துக்கொண்டு வந்து சாலையில் பரப்பிவிடும். பெரிய மழைக்கு மறுநாள் எங்கள் பட்டறையில் பஞ்சர் வண்டிகள் வரிசையில் நிற்கும். இதில் மோசமானது மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர். திருகாணியே அடைப்பானாக நின்று, வாரத்துக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐயாக இறங்கும். நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். டயரின் இரு ஓரமும் தேயும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும்.

அடுத்தது சாலைக் குழி. தொடர்ந்து மழை பெய்தால் தாரின் விரிசல்களில் தண்ணீர் இறங்கி, கனரக வண்டிகள் அழுத்த அழுத்தத் தார் பெயர்ந்துவிடும். வெயிலில் என்றால் குழி கண்ணுக்குத் தெரியும், விலகிவிடலாம். மழையில் தண்ணீர் நிரம்பி, சாலையும் குழியும் ஒரே மட்டமாகத் தெரியும். போன ஜனவரியில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு அண்ணன் வந்தார். முன்பக்க இடது டயரின் வெளிப்பக்கம் ரப்பரில் வெட்டிய பள்ளம் இன்னும் ஐந்து மில்லிமீட்டர் ஆழம் இருந்தது. வண்டியைத் தூக்கி உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரே இல்லை, இரும்புக் கம்பி முள்முள்ளாக வெளியே தெரிந்தது. விரலில் குத்தியது. விசாரித்தால், ஆறு வாரத்துக்கு முன்னால் துவாஸ் பக்கம் மழையில் ஒரு குழியில் விழுந்து எழுந்திருக்கிறார். அதிலிருந்து ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஓடுகிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர். டயர் நேராக நிற்காமல் அரை டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒன்பது மீட்டர் தூரம் அது பக்கவாட்டில் இழுபடுகிறது. தேங்காய்த் துருவியில் வைத்துத் தேய்ப்பதுபோலத்தான். இழுபடுவதற்கும் பெட்ரோல் செலவாகிறது.

அவர் அந்தக் குழியில் விழுந்த வாரமே வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பார்த்திருந்தால் அந்த டயர் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும். அதனால் சொல்கிறேன்: மழையில் குழியில் பலமாக அடித்து, அதன்பின் ஸ்டியரிங் நேராக இல்லாமலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்க வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டயரில் இருக்கும் பள்ளங்களை எங்கள் மலாய் நண்பர்கள் 'புங்கா' என்பார்கள், பூ என்று அர்த்தம். அழகுக்கு வெட்டியதுபோலத் தோன்றினாலும் அவை வடிகால்கள். முன்பு சொன்ன நொடிக்கு நாலரை லிட்டர் தண்ணீர் வெளியே போகிற வழி அதுதான். புது டயரில் சுமார் எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சிங்கப்பூரில் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். பள்ளத்துக்குள்ளே குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும், டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் 1.6க்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் சட்டத்தில் தேறுவது வேறு, மழையில் நிற்பது வேறு. நம் மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று சிலர் நினைப்பார்கள். என் மனைவி ஓட்டும் வண்டிக்கும் அதே அளவுதான் வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு முரண் உண்டு. தேய்ந்த டயர் லேசாக உருளும், அதனால் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். அந்த மிச்சத்துக்காக யாரும் தேய்ந்த டயரில் மழைக்காலத்தைக் கடக்கப் பார்க்காதீர்கள். மாதத்துக்கு ஓரிரண்டு லிட்டர் மிச்சம் பிடிக்கப் போய், பிரேக் போட்டும் நிற்காத வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

காற்றழுத்தத்தைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெட்ரோலைவிட முக்கியமான இடத்தில் வேலை செய்கிறது. டயர் எப்போது தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்று அமெரிக்காவின் நாசா 1960களில் விமான டயர்களை வைத்து ஆராய்ந்தது. டயரின் பிஎஸ்ஐ எண்ணின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால் அந்த வேகம் மைலில் கிடைக்கும். கார் டயருக்கும் இது நல்ல தோராயம், குறிப்பாகப் பள்ளம் தாங்காத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது. 33 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர். 25க்கு இறங்கிவிட்டால் 83. நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகம் 90. காற்று சரியாக இருக்கிறவர் அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறார். மெதுவான பஞ்சரைக் கவனிக்காதவர், சட்டப்படியே ஓட்டினாலும், எல்லைக்கு வெளியே போய்விடுகிறார்.

மலேசியா போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம், அது ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, ஜோகூரில் மழை ஓயாத காலம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம் என்பதால் காலும் அழுத்தும். நாலு பேரும் சாமான்களுமாகப் போகும் வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும், வழக்கமான அளவைவிடக் கூடுதலாக. அதைப் பாருங்கள், டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச எண்ணை அல்ல. தண்ணீர் நிற்கும் இடத்தில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால் டயர் மிதக்கிறது. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், எக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் மெல்ல எடுங்கள்.

காற்றைப் பார்க்கச் சரியான நேரம் காலையில் வண்டி எடுத்ததும், வீட்டுக்கு மிக அருகில் உள்ள பெட்ரோல் நிலையத்தில். மத்தியானம் இருபது கிலோமீட்டர் ஓடிய பின் பார்த்தால், சூட்டினால் நாலு பிஎஸ்ஐ கூடத் தெரியும், சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவீர்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். பெட்ரோலில் ஊற்றுகிற பாட்டில் மருந்துகள் உங்கள் 14ஐத் திருப்பித் தராது, அந்தக் காசை அலைன்மென்ட்டுக்கு வையுங்கள்.

உங்கள் வண்டியில் உண்மையாகவே ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, டேஷ்போர்டு எண்ணை நம்பாமல், ஒரே நிலையத்தில், பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து எழுதிவையுங்கள். ஜனவரியில் மூன்று தொட்டி, பிப்ரவரியில் மழை குறைந்ததும் மூன்று தொட்டி. 14 திரும்பி வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது. வராவிட்டால், வீட்டுக்குப் போனதும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அனலாக அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பட்டறையில் சொல்லுங்கள்.